விளக்கணைந்த பின்னும் மின்னிய பாவாயி

மழை பெய்து ஓய்ந்தால் மற்ற ஊர்ச் சனங்கள் ஏரி நிரம்பியதா என்று பார்க்கப் போவார்கள், பாறைக்காட்டுப்புதூர்ச் சனங்கள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உழுத காட்டுக்குள் போவார்கள், ஏனென்றால் நாமக்கல்லுக்குத் தெற்கே கிடக்கிற அந்த மேட்டுக்காடுகளில் மழை மண்ணைக் கழுவிவிட்டுப் போகும்போது கொத்துமல்லி அளவிலிருந்து கோழிமுட்டை அளவு வரைக்கும் கெம்புக்கற்கள் தலையை நீட்டிக்கொண்டு கிடக்கும். கிடைத்த கல்லை அன்றைக்கே தரகனிடம் தள்ளிவிட்டு எண்ணெயும் பருப்பும் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேருவதுதான் ஊர் வழக்கம், அந்த வழக்கத்துக்குக் கட்டுப்படாத ஒரே ஆள் கோழிப்பண்ணை மேஸ்திரி சென்னியப்பன்.

சென்னியப்பன் கல்லை விற்கமாட்டான், சேர்ப்பான். பண்ணையின் தீவனக் குடோனுக்குச் சன்னல் கிடையாது, கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் உள்ளே அமாவாசைதான், அந்த அமாவாசைக்குள் மக்காச்சோள மூட்டைகளுக்குப் பின்னால் முட்டை அட்டைகளை வரிசையாக அடுக்கி, முட்டை இருக்கவேண்டிய ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு கல்லை உட்காரவைத்திருந்தான். கடைக்காரர்கள் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கிற ஊதா விளக்கு ஒன்றை ஈரோட்டிலிருந்து வாங்கிவந்து அவற்றின் மேல் அடிப்பான். அடித்த மாத்திரத்தில், வெளியே சல்லிக்கல் மாதிரி அழுதுவடிகிற கெம்பு தணலாகச் சிவக்கும், சுண்ணாம்புக்கல் ஆரஞ்சுச் சுளை மாதிரி ஆகும், வெள்ளைக்கல் நிலாவைக் கரைத்து ஊற்றியது போல நீலம் பாய்ந்து நிற்கும், மூட்டைக்கடியில் பதுங்கியிருக்கிற தேள்கூடத் தானும் ஒரு மரகதம்தான் என்று பச்சையாக ஊர்ந்து போகும்.

"ஏனுங், நானும் ஒரு கல்லாப் பொறந்திருந்தா இந்நேரம் எனக்கும் ஒரு குழி கெடைச்சிருக்குமுங்க" என்பாள் அவன் பெண்டாட்டி பாவாயி. பிள்ளையில்லாத வீடு, பேசுவதற்கு அவளுக்கு அவனை விட்டால் ஆளில்லை, அவனுக்கோ கல்லை விட்டால் கண் வேறெங்கும் போகாது.

ஒரு வியாழக்கிழமை மதியம் பாவாயி தூக்குப்போசியில் சோறு கொண்டுபோய்க் குடோன் கதவைத் திறந்தாள். "கதவைச் சாத்து, கதவைச் சாத்து, வெளிச்சம் வருது" என்று அவன் கத்த, அவள் சாத்திவிட்டுத் திரும்ப, அவன் கையிலிருந்த விளக்கு அவள் மேல் விழுந்தது. சோப்புப் போட்டுத் துவைத்த சேலை வெளேரென்று மின்னியது, பல் மின்னியது, அதெல்லாம் யாருக்கும் மின்னுவதுதான். ஆனால் அதற்குப் பிறகு, அடிவயிற்றிலிருந்து அடுப்புப் பற்றுகிற மாதிரி, தோலுக்குள்ளிருந்து ஒரு நிறம் கிளம்பி மேலே வந்தது, ரோஜாவும் இல்லை, தாமிரமும் இல்லை, பொழுது இறங்கும்போது ஆற்று மணலில் கொஞ்ச நேரம் தங்குகிற நிறம். பயந்துபோய் விளக்கை அணைத்தான். அணைத்த பிறகும் அவள் அப்படியே ஒளிர்ந்துகொண்டு நின்றாள்.

"சோறு ஆறுது, வந்து உண்ணுங்கோ" என்றாள் பாவாயி.

சென்னியப்பன் அட்டைகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். அந்த நிறம் எந்தக் குழியிலும் இல்லை. "அசையாதே" என்றான். அதுதான் அவன் அவளைப் பார்த்து வெகுகாலத்துக்குப் பிறகு ஆசையோடு சொன்ன வார்த்தை.

முட்டை ஏற்ற வந்த லாரிக்காரர்களுக்குச் சேதி தெரிந்தது, லாரிக்காரர்களுக்குத் தெரிந்தால் தார்ரோட்டுக்கே தெரிந்த மாதிரி. மறுநாளே ஊர் குடோனுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றது, விளக்கு ஒவ்வொருவர் மேலும் விழ விழ ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறமாக ஒளிர்ந்தார்கள், எப்படி என்று யாரும் கேட்கவில்லை, என்ன நிறம் என்றுதான் கேட்டார்கள். கல்யாணத் தரகர் பொங்கியண்ணன் அன்றைக்கே ஜாதகக் கட்டைத் தூக்கி அட்டாலியில் போட்டுவிட்டு, "பொண்ணு மஞ்சளுங்க, மாப்பிள்ளை நீலமுங்க, ரெண்டும் சேர்ந்தாப் பச்சை, பச்சைன்னா வெள்ளாமை, வெள்ளாமைன்னா வம்சமுங்க, நீங்க கண்ணை மூடிக்கிட்டுத் தட்டை மாத்துங்க" என்று புதுப்பாட்டுப் பாட ஆரம்பித்தார். பெண்டாட்டி தலைவராக இருக்கிற தைரியத்தில் பஞ்சாயத்தை நடத்திவந்த ராமலிங்கத்துக்குக் கோழிப்பீப் பச்சை வந்துவிட்டது, அவர் மைக்கைப் பிடித்து, "என்னுடைய நிறத்தைப் பற்றி விஷமிகள் பரப்பிவரும் வதந்தியை இந்த மேடையிலே நான் வன்மையாக, மிக வன்மையாக..." என்று தொண்டையைக் கனைத்தபோது கூட்டம் கொக்கரக்கோ என்று கூவியது. பூசாரி விளக்கைக் கடன் வாங்கிக்கொண்டுபோய் மாரியாத்தா மேல் அடித்துப் பார்த்தார், கருங்கல் கறுப்பாகவே இருந்தது, "ஆத்தா எல்லா நெறத்தையும் உள்ளயே வெச்சிருக்கறா, நம்மளாட்டம் வெளிய காட்டிக்கிட்டுத் திரியமாட்டா" என்று திருநீறு பூசி அனுப்பினார். நாமக்கல்லிலிருந்து வந்த டாக்டர், தானே கத்தரிப்பூ நிறத்தில் ஒளிர்வதைப் பார்த்துவிட்டு, விளக்கு என்ன விலை என்று கேட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிவப்பன் கட்சி, நீலத்தான் கட்சி என்று பிரிந்து கபடி ஆடின. ரெண்டு விதைப்புப் பட்டம் கழிவதற்குள் நிறம் என்பது ஊரில் ரேசன் கார்டு மாதிரி ஆகிப்போய்விட்டது, எல்லாரிடமும் ஒன்று இருக்கும், யாரும் அதை எடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

சென்னியப்பனுக்கு மட்டும் நிறம் இல்லை. தனியாக இருந்தபோது கையில் அடித்துப் பார்த்தான், நெஞ்சில் அடித்துப் பார்த்தான், காட்டில் சல்லிக்காசு பெறாத வெங்கச்சங்கல் எப்படி விளக்கடியில் செத்துக் கிடக்குமோ அப்படிக் கிடந்தது உடம்பு. அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். யாராவது கேட்டால், "எனக்கெங்கீங்க நேரம்" என்பான்.

ஆனால் ஊரிலேயே, ஜில்லாவிலேயே, விளக்கை அணைத்த பிறகும் ஒளிர்கிற ஒரே ஆள் அவன் வீட்டில்தான் இருந்தாள். அதைப் பார்க்கக் காங்கேயத்திலிருந்து வந்தார்கள், சேலத்திலிருந்து வந்தார்கள், பாஷை தெரியாத சேட்டுகள் காரில் வந்து குடோனுக்குள் நின்று "அரே வா, அரே வா" என்று வாயைப் பிளந்தார்கள். ஒவ்வொருத்தர் வாய் பிளக்கும்போதும் சென்னியப்பனின் முழுக்கைச் சட்டைக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்துகொண்டது.

கல் சேர்க்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு, கல்லின் மேல் ஒட்டியிருக்கிற அந்நியச் சங்கதிகளை எல்லாம் முதலில் எடுத்துவிட வேண்டும், எண்ணெய், பிசின், பாசி எதுவானாலும் விளக்கடியில் அது தனக்கென்று ஒரு மினுக்குக் காட்டிக் கல்லின் சொந்த நிறத்தைக் கெடுத்துவிடும். சென்னியப்பன் அந்த முறையைப் பிசகாமல் செய்தான். பாவாயி முகத்து மஞ்சள் விளக்கடியில் பச்சையாகக் கலந்தது, அதனால் மஞ்சள் பூசக்கூடாது. சோப்பு வெளுப்பாக மின்னியது, அதனால் சோப்புப் போடாத கறுப்புச் சேலைதான். குங்குமம் கரையாகத் தெரிந்தது, அழித்துவிடு. தாலிக்கயிற்றில் மஞ்சள் ஊறியிருந்தது, அதைக் கழற்றித் தாலியைக் கறுப்பு நூலில் கோத்துக் கொடுத்தான்.

"ஏனுங், நீங்க குத்துக்கல்லாட்டம் எதுர்ல நிக்கறப்பவே என்னை முண்டச்சி ஆக்கிப்போட்டீங்களே, இன்னும் நீங்க செத்தா நான் எதைக் கழட்டறது?" என்று சிரித்தாள் பாவாயி. அவளுக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது.

"சித்த சும்மாரு புள்ளே. தலையைக் கொஞ்சம் சாய். ஆ, அப்படித்தான்."

குழாயடியில் பெண்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், எதிரில் வந்தால் சகுனத்துக்காக ஒரு நிமிசம் நின்று போனார்கள், பிறகு அதுவும் பழகிவிட்டது. அந்த ஊரில் எதுதான் பழகவில்லை.

முதலில் போனது அவள் நிழல். வெயிலில் துணி காயப்போடும்போது சேலையின் நிழல் விழுந்தது, சேலையை விரித்த கைகளின் நிழல் விழவில்லை. அதற்குப் பிறகு ரேசன் கடைக்காரன், "பாவாயக்கா வரலியா இன்னிக்கு?" என்று அவளையே கேட்டான். "உன்ற மூக்குக்கு முன்னாலதான்டா நிக்கறேன், கண்ணுல என்ன கொள்ளியா?" என்று அவள் பையை நீட்டிய பிறகுதான், பையைப் பிடித்திருந்த கை, கைக்கு மேலே தோள், தோளுக்கு மேலே ஒரு கலங்கலான முகம் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது அவனுக்கு. பஸ்ஸில் அவள் மேலேயே உட்கார வந்தார்கள். குழாயடியில் அவளுடைய குடத்துக்குப் பின்னால் நின்றவர்கள் ஆளில்லாத குடம் என்று அதை நகர்த்திவிட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். குடோனில் விளக்கு எரியும்போது மட்டும் அவளுடைய கண் இமை வரைக்கும் துல்லியமாகத் தெரிந்தது, அதனால் சென்னியப்பனுக்கு ஒரு குறையும் படவில்லை.

காங்கேயத்துக் கல் வியாபாரி ஷரீப் பாய் ஒருநாள் வந்தார். குடோனுக்குள் அவளைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் மாதிரி வாயைப் பிளக்கவில்லை, வெளியே வெயிலுக்கு வந்து, அவள் நீட்டிய டீ டம்ளர் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்து, "தங்கச்சி, நீ எங்கம்மா நிக்கிறே?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

"சென்னியப்பண்ணே, எத்தனை பேருக்குக் காட்டியிருப்பீங்க?"

"காட்டாம? ஊரே வந்துச்சுங்க பாய்."

"தெரிஞ்சே பண்ணினீங்களா, தெரியாமப் பண்ணினீங்களா? சில கல்லு வெளிச்சத்தை வாங்கின கையோட திருப்பிக் குடுத்துரும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. வாங்கி உள்ள வெச்சுக்கற ஜாதி வேற. அதைக் கறுப்புத் துணியில சுத்தித்தானே வெப்போம். ஒவ்வொரு தடவை காட்டறப்பவும் அது தன்னையே கொஞ்சம் எடுத்துல்ல காட்டுது. நெறம் விட்டு, கடைசியில தொட்டா மாவா உதுந்துபோயிரும்."

சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். தெரியாமல் என்ன, அவனுடைய அட்டைகளிலேயே அந்த ஜாதியில் ஐந்தாறு கல் கறுப்புத் துணிக்குள் இருந்தன, அவற்றின் மேல் தவறிப்போய்க்கூட அவன் விளக்கு அடித்ததில்லை.

"இன்னும் எத்தனை தடவை தாங்கும் பாய்?"

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். "என்னைக் கேட்டா, இனி இல்லைன்னே வெச்சுக்கங்க."

அன்றைக்கே குடோனைப் பூட்டினான், வந்த கார்களைத் திருப்பி அனுப்பினான், பாவாயி மஞ்சள் பூசிக்கொள்ளட்டும் என்றான். பூசிப் பார்த்தாள், மஞ்சளும் அவளோடு சேர்ந்து காணாமல் போனது. வீட்டுக்குள் அவள் இப்போது ஒரு சத்தமாக மட்டும் இருந்தாள், அம்மி அரைபடும், கரண்டி எழும்பும், முறம் தானாகப் புடைக்கும், அடுப்படியிலிருந்து கேலி வரும். ஊருக்கு அதுவும் நாலே நாளில் பழகி, வாசலில் நின்று வெற்றிடத்தைப் பார்த்து "அக்கா, சித்த மோர் குடுங்க" என்று கேட்டு வாங்கிப்போனார்கள். பழகாதது சென்னியப்பனுக்கு மட்டும்தான். இத்தனை காலம் திரும்பிப் பார்க்காத பெண்டாட்டியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை அவனுக்கு, பொழுது சாயும் நேரத்தில் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நிற்பான்.

"இன்னிக்கு ஒரு தடவை மட்டும், கண்ணு. நீ இருக்கறியான்னு பாத்துக்கறேன்."

"இருக்கறியான்னு வாயால கேளுங்கோ, இருக்கறேன்னு சொல்றேன். அதுக்கு எதுக்கு வெளக்கு?"

"கேட்டா எனக்குப் பத்தல பாவாயி."

"எனக்குப் பத்துமுங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நீங்க என்னை ஒண்ணுமே கேட்டதில்ல. 'உப்பு எங்க'ன்னு கேட்டிருக்கறீங்க, 'சாவி எங்க'ன்னு கேட்டிருக்கறீங்க. இப்ப இருட்டுல ஒக்காந்து பேசலாம் வாங்கோ, நான் எவ்வளவு பேசுவேன்னு தெரியும்."

அவன் உட்காருவான். அவள் தன் ஊர்க் கிணற்றைப் பற்றிச் சொல்லுவாள், நீச்சல் பழகியதைப் பற்றி, ராமலிங்கத்தின் குரலில் பேசிக்காட்டுவாள், பொங்கியண்ணன் மாதிரி மூக்கால் இழுப்பாள், "அரே வா" என்று சேட்டாகி வாயைப் பிளப்பாள். பிளந்த வாய் எப்படி இருக்கும் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருப்பானே தவிர, சொன்னது எதுவும் காதில் ஏறாது.

அப்போதுதான் மாரியாத்தா நோம்பி வந்தது. ராமலிங்கம் பத்துப் பேரோடு வந்து வாசலில் நின்றார். "சென்னியப்பா, இந்த வருசம் ஆத்தா உன்ற வீட்டுக்காரி உருவத்துலதான் எழுந்தருளோணும்னு ஊரே முடிவு பண்ணிருச்சு. ஒரே ஒரு தடவை. நாளைக்குச் சாயந்தரம் குடோன்ல நிக்கவெச்சுச் சூடம் காட்டிட்டு அனுப்பிடறோம்."

"அவளுக்கு ஆகாதுங்க. இன்னொரு தடவை காட்டினா ஆளே இருக்கமாட்டா."

"இப்ப மட்டும் இருக்கறாளாக்கும்? பாரப்பா, அவ உன்ற சொத்து இல்ல, ஊர்ச்சொத்து. நீ மட்டும் பூட்டி வெச்சுப் பாத்துக்கலாம்னா எப்படி?" அவர் சொன்னதும் பின்னால் நின்ற பத்துப் பேரும் ஆமாமா என்றார்கள், நல்லவர்கள்தான், அவர்களில் இரண்டு பேர் அன்று காலையில்தான் பாவாயி கையால் மோர் குடித்திருந்தார்கள்.

"சரீங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்று அவர்களை அனுப்பிவிட்டுச் சென்னியப்பன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். நாளைக்கு ஊர் கதவை உடைத்துக்கொண்டு வரும், தடுக்க முடியாது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு பார்வை. அது போகத்தான் போகிறது என்றால், ஊர்க்கண் பட்டா போகவேண்டும்? தான் சேர்த்தது, தான் கண்டுபிடித்தது, தன் கண்ணாலேயே தீரட்டும். விடிந்ததும், ஊர் வருவதற்கு முன்னால், ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடலாம். இப்படி நினைத்தவன் நினைத்ததோடு நின்றிருக்கலாம், தனியாக இருக்கிறோம் என்ற எண்ணத்தில் வாய்விட்டும் சொல்லிவிட்டான், "நானே பாத்துத் தீத்துக்கறேன்" என்று.

கண்ணுக்குத் தெரியாத பெண்டாட்டி இருக்கிற வீட்டில் எந்த மூலையும் தனிமூலை கிடையாது. அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஆரம்பித்தது.

விடிந்து எழுந்து அலமாரியில் கையை விட்டான். விளக்கைக் காணோம். அடுப்பில் சோறு வடித்துக் கஞ்சி இறுத்து வைத்திருந்தது, சட்டி இன்னும் சுட்டது. "பாவாயி" என்றான். "இருக்கறியா?" என்று, கேட்கவேண்டிய கேள்வியை வாயாலேயே கேட்டான். புறக்கடையில் கேட்டான், மாட்டுக்கொட்டகையில் கேட்டான், குடோனைத் திறந்து மூட்டைகளுக்கு நடுவில் நின்று கேட்டான். எந்தப் பக்கத்திலிருந்தும் கேலி வரவில்லை.

பரமத்தி போய்த் திரும்பிவந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர்தான் சொன்னான், அவனும் ஆச்சரியப்பட்டுச் சொல்லவில்லை, டிக்கெட் கணக்கு உதைத்த எரிச்சலில் சொன்னான். "ஆமாண்ணா, இருட்டோட ஏறுச்சு. கடைசி சீட்டுல ஆளே இல்ல, ஊதா வெளக்கு மட்டும் அந்தரத்துல நிக்குது. டிரைவர் உள்ள லைட்டே போடல, அதுபாட்டுக்கு முன்னால ஒக்காந்திருக்கற ஒவ்வொருத்தர் மேலயும் நின்னு நின்னு பாக்குது. கீரைக்காரம்மா நீலம், சந்தைக்குச் சேவல் கொண்டுபோற பெருசு மஞ்ச, அவரு மடியில இருந்த சேவல்கூடச் செவப்பாத்தான் தெரிஞ்சுது. எனக்கு அடிச்சப்போ நான் கெம்பாட்டம் எரியறேன். பின்னால ஒரு பொம்பளைச் சிரிப்பு, அடக்கமாட்டாத சிரிப்பு."

"அவ மேல வெளக்குப் பட்டுச்சா?"

"பட்டிருந்தா ஆளு தெரிஞ்சிருக்குமில்ல. ஒரு தடவைகூடத் தன் பக்கம் திருப்பலண்ணா."

"எங்க எறங்குனா?"

"நடுவுலயே விடிஞ்சுபோச்சு. வெயில்ல வெளக்கு எங்க தெரியுது?"

நோம்பி டியூப்லைட் வெளிச்சத்தில் நடந்தது, ராமலிங்கம் பேசினார், கூட்டம் கொக்கரக்கோ என்றது. விளக்கு போனதோடு ஊரின் நிறங்களும் போயின, பொங்கியண்ணன் அட்டாலியில் ஏறி ஜாதகக் கட்டைத் தூசி தட்டி இறக்கினார், யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சென்னியப்பன் ஊர் ஊராகப் போய், காலியான சீட்டுகளையும் ஆளில்லாத குடங்களையும் பார்த்து "பாவாயி, இருக்கறியா?" என்று கேட்டுப்பார்த்து, கடைசியில் பரமத்தி போலீஸ் ஸ்டேசனுக்கு வந்து சேர்ந்தான்.

"பொண்டாட்டியைக் காணோமா? போட்டோ இருக்குதா?" என்றார் ஏட்டு.

கல்யாண போட்டோவை நீட்டினான். அதில் பாவாயி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்திருந்தாள், நெற்றிச்சுட்டியும் வகிடும்தான் தெரிந்தன.

"வகிட்டை வெச்சு யாரைய்யா தேடறது? சரி, வாயால சொல்லு. மூஞ்சி வட்டமா, நீட்டமா?"

சென்னியப்பனுக்கு நிறம் வந்தது, பொழுது இறங்கும்போது ஆற்று மணலில் தங்குகிற அந்த நிறம், அது விளக்கை அணைத்த பிறகு எத்தனை மூச்சு நேரம் நின்றது, எந்தப் பக்கத்திலிருந்து முதலில் மங்கியது, எல்லாம் அச்சு அசலாக வந்தது. முகம் வரவில்லை.

"மச்சம் ஏதாச்சும்? வலது கன்னமா, எடது கன்னமா? பல்லு எடுப்பா? காதுல என்ன போட்டிருந்துச்சு?" ஏட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "யோவ், இத்தனை வருசம் கூட இருந்திருக்கே. எவ்வளவு ஒசரம்னாவது சொல்லுய்யா."

அது தெரியும் என்றுதான் சென்னியப்பன் கையைத் தூக்கினான். நெஞ்சு வரைக்கும் கொண்டுபோனான். இல்லை என்று தோள் வரைக்கும் உயர்த்தினான். அங்கிருந்து கொஞ்சம் இறக்கினான், மறுபடி காது வரைக்கும் ஏற்றினான். ஏட்டு காத்திருந்தார். பக்கத்து மேசையில் இருந்தவரும் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முழுக்கைச் சட்டைக்குள்ளிருந்து நீண்ட அந்தக் கை, எந்த உயரத்தில் நிற்பது என்று தெரியாமல், வெறும் காற்றில் அப்படியே நின்றது.